முதல் இடத்தில் இசக்கிராஜ்

பொருநை நிறுவனர்கள் குழுவில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். திருநெல்வேலி வட்டாரத்தில் அத்தனை கம்பெனிகளா என்று வாயைப் பிளக்க வேண்டாம். கம்பெனி தொடங்கியவர், தொடங்கப் போகிறவர், தொடங்கி மூடியவர், மூடியதை இன்னும் வீட்டில் சொல்லாதவர் என எல்லாரையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. போனில் மட்டுமே கூடும் அந்தக் குழுவுக்கு ஒரே ஒரு வழக்கம் உண்டு. யார் எதைப் போட்டாலும் கைதட்டுவது. ஒருவர் புது லோகோ போட்டால் கைதட்டுவார்கள். அவரே பழைய லோகோவுக்குத் திரும்பினால் அதற்கும் கைதட்டுவார்கள். “வேற லெவல் சகோ”, “பெருமையான தருணம்” என்ற இரண்டு வாக்கியங்களும், இரண்டு மஞ்சள் கைகள் சேரும் படமும் இருந்தால் போதும், அங்கே பத்து வருடம் குப்பை கொட்டலாம். ஞானசெல்வி கொட்டினாள்.

அவள் பாளையங்கோட்டைக்காரி. சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் வீட்டிலேயே ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளும் டயாலிசிஸ் பெட்டியைச் செய்து, பணகுடி, ராதாபுரம் பக்கம் முப்பத்தொரு வீடுகளில் வைத்திருந்தாள். குழுவில் சேர்ந்த புதிதில், பெட்டிக்கு வேண்டிய ஒரு ரப்பர் குழாய் நம் ஊரில் எங்கே கிடைக்கும் என்று வெள்ளந்தியாகக் கேட்டாள். நாற்பது பேர் கைதட்டினார்கள். ஒருவர் மட்டும் தனியாகக் கூப்பிட்டு இன்சூரன்ஸ் விற்றார். அதற்குப் பிறகு அவளும் கேட்பதை விட்டுவிட்டுக் கைதட்டப் பழகிக்கொண்டாள்.

குழுவைக் கட்டி மேய்த்தவர் ஆறுமுகநயினார். எல்லாருக்கும் நயினார் அண்ணாச்சி. கல்யாண வீடுகளுக்குப் பந்தலும் மைக்செட்டும் போனிலேயே ஏற்பாடு செய்யும் கம்பெனி அவருடையது. காலை ஆறு மணிக்குத் தாமிரபரணிப் படத்தோடு வணக்கம் சொல்லுவார். கேட்டவருக்கும் அறிவுரை, கேட்காதவருக்கும் அறிவுரை. “சென்னைக்காரன் நம்மளத் திரும்பிப் பாக்கணும்டே” என்பது அவருடைய ஒரே கனவு.

சென்னைக்காரன் திரும்பிப் பார்த்தான். அலைமுகம் என்ற முதலீட்டு நிறுவனம், குழுவின் பத்து வருடப் பேச்சையும் அப்படியே கேட்டது. அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. பதினான்கு பக்க ஒப்பந்தத்தைக் குழுவில் போட்டு, மேலே “நம்ம குழுவுக்குச் சென்னையில் அங்கீகாரம்!” என்று எழுதினார். ஒரு மணி நேரத்தில் முந்நூற்று எண்பத்தொன்பது கைதட்டல்கள் விழுந்தன. இதற்குக் கைதட்டுகிறவர் தம் பேச்சைத் தரச் சம்மதித்தவர் ஆவார் என்று ஒன்பதாவது பக்கத்தில் எழுதியிருந்தது. ஒன்பதாவது பக்கம் வரை ஒருவரும் போகவில்லை. ஞானசெல்வி கறிக்கடை வரிசையில் நின்றபடி தட்டிவிட்டு, அரைக்கிலோ எலும்பில்லாமல் கேட்டாள்.

ஒரு மாதம் கழித்து அலைமுகத்திலிருந்து பிரணவ் என்ற இளைஞன் திரையில் தோன்றிப் பேசினான்.

“உங்க பத்து வருஷப் பேச்சை எங்க மெஷினுக்குப் படிக்கக் குடுத்தோம். எந்த கம்பெனி எப்ப மூடிச்சுங்கிறதையும் குடுத்தோம். பேரு நாடி. இனிமே யார் பேச்சைப் பார்த்தாலும், அவங்க கம்பெனிக்கு இன்னும் எத்தனை நாள் ஆயுசுன்னு அது சொல்லிடும்.”

“ஜோசியமா தம்பி?” என்றார் அண்ணாச்சி.

“கணக்கு சார். தொழில் நல்லா நடக்கிறவங்களுக்குப் பேச நேரமே இருக்காது. மூடப் போறவங்கதான் உக்காந்து அடுத்தவங்களுக்கு அட்வைஸ் பண்றாங்க. உதவி கேக்கிறவங்க அதைவிடச் சீக்கிரம் மூடுறாங்க. மெஷின் தானா கண்டுபிடிச்சது இது, நாங்க சொல்லிக் குடுக்கல.”

“அப்பம் கைதட்டுறது?”

“அதுக்கு மதிப்பு பூஜ்யம் சார். ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது.”

பத்து வருடம் கைதட்டிப் பாடுபட்ட நானூறு பேர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து அதைக் கேட்டார்கள். பழக்க தோஷத்தில் ஒருவர் கைதட்டினார்.

அன்று மாலையே குழுவில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஓர் எண் வந்து உட்கார்ந்தது. நயினார் அண்ணாச்சிக்கு 41. அந்த ரப்பர் குழாய்க்குப் பிறகு கைதட்டலைத் தவிர வேறு பாவம் அறியாத ஞானசெல்விக்கு 1,120. எல்லாருக்கும் மேலே, முதல் இடத்தில், இசக்கிராஜ், வள்ளியூர் என்ற பெயர். மூன்று வருடமாக ஒரு சொல் பேசாதவர். எண் 9,999. அதற்கு மேல் எழுத மெஷினில் இடமில்லை. யார் அவர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்டால் எண் இறங்கும் என்பதால் யாரும் கேட்கவுமில்லை.

ஆயிரத்துக்கு மேல் எண் உள்ளவர்களோடு வெள்ளிக்கிழமை முதலீட்டு ஒப்பந்தம் என்று அலைமுகம் அறிவித்தது. அவ்வளவுதான், குழு ஊமையாகிவிட்டது. நேற்று வரை ஊருக்கே வகுப்பெடுத்தவர்கள் தங்கள் பழைய அறிவுரைகளை ஒவ்வொன்றாக அழித்தார்கள். அண்ணாச்சி மகள் கல்யாணப் பத்திரிகையைப் போட்டார். வருகிறேன் என்று சொன்னால் அது பேச்சுக் கணக்கில் சேருமோ என்று பயந்து ஒருவரும் பதில் போடவில்லை. பாவம், மனிதர் எத்தனை இலை போடுவது என்று தெரியாமல் தவித்தார்.

செவ்வாய்க்கிழமை பத்திரிகையோடு ஞானசெல்வியின் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

“நாப்பத்தொரு நாளாம்லா எனக்கு” என்று சிரித்தார். “ஏன் செல்வி, உன்ட்ட சொல்லுததுக்கு என்ன. என் கம்பெனிய மூடி நாலு வருஷமாச்சு. அந்த மிஷினுக்கு இது கூடத் தெரியல, பாத்தியா?”

“மூடியாச்சா? தினமும் காலைல எங்களுக்குப் புத்தி சொல்லுதீங்களே அண்ணாச்சி!”

“வேற என்ன சோலி எனக்கு? அதாவது இருக்கட்டுமேன்னுதான்.”

ஞானசெல்வி பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவதாகச் சொல்லி அனுப்பினாள்.

அவளுக்கு அந்த வாரம் சொந்தத் தலைவலியே மலையாக இருந்தது. ஆனி பிறந்ததிலிருந்து பெட்டிகள் மூன்று மணி வாக்கில் பொசுக்கென்று நின்றன. ரத்தம் பாதி சுத்தமாகிக்கொண்டிருக்கும்போது நின்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நேரத்தை மாற்றிப் போட்டுக்கொள்ளலாமே என்றால், பக்கத்தில் ஆள் விழித்திருக்கும் பகலில்தான் போட முடியும், காலைச் சாப்பாடு முடிந்து எட்டு மணிக்குத் தொடங்கினால் ஒரு தடவைக்கு எட்டு மணி நேரம், மூன்று மணியைத் தாண்டாமல் முடியாது. பணகுடியில் அருமைநாயகம் என்ற ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டருக்கு நான்கு முறை அப்படி நின்று, கால் வீங்கி, மூச்சு முட்டி, நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் படுத்து எழுந்திருந்தார். மறுபடியும் நின்றால் தாங்கமாட்டார் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

“மீட்டர் வெச்சுப் பாத்துட்டேன்க்கா. கரண்ட் சரியாத்தான் வருது” என்றாள் முப்பிடாதி. பெட்டிகளைக் கழற்றி மாட்டும் தொழில்நுட்பம் எல்லாம் அவள் கையில். “பெட்டிக்குள்ள பேட்டரி இருக்கு. கரண்ட் போனா அது ஓட்டிரும். ஆனா இது கரண்ட் போச்சுன்னு நினைக்கல, தனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நினைச்சு நின்னுருது. வள்ளியூர்ல இருந்து தெக்க உள்ள வீடுக மட்டும்தான். பாளையங்கோட்டைல நம்ம ஆபீஸ்ல வெச்சு ஓட்டுனா ஒண்ணும் நிக்கல.”

“அந்தப் பக்கம் கம்பெனி வெச்சிருக்கவங்க யாருக்காவது இது தெரிஞ்சிருக்கும்.”

“குழுவுல கேக்கப் போறீயளா? வெள்ளிக்கிழமை கையெழுத்துக்கா! அந்தப் பணம் வரலன்னா வேன் கிடையாது. வேன் இல்லன்னா பெட்டிக்கு ஊத்துற மருந்துத் தண்ணிப் பைய வீடு வீடா யாரு கொண்டு போறது? மாசக் கடைசில முப்பத்தொரு பெட்டியையும் தூக்கிட்டு வரணும்.”

எல்லாம் ஞானசெல்விக்குத் தெரியும். பெட்டியைத் தூக்கிவிட்டால் அந்த முப்பத்தொரு பேரும் வாரத்துக்கு மூன்று நாள் பஸ் பிடித்து நாகர்கோவில் போய்ப் படுக்க வேண்டும். பணத்துக்காக வாயை மூடிக்கொண்டால் வெள்ளிக்கிழமைக்குள் டிரில் மாஸ்டர் போய்ச் சேர்ந்துவிடலாம். அவள் கேட்டாள். ஆனியில் மூன்று மணிக்கு மெஷின்கள் நிற்பது ஏன், யாருக்காவது தெரியுமா, உயிர்ப் பிரச்சினை என்று நான்கு வரி எழுதினாள்.

அவள் கண் முன்னாலேயே 1,120 என்பது 38 ஆனது. நானூற்றுப் பத்துப் பேர் பார்த்ததற்கு அடையாளம் வந்தது. பதில் ஒன்றுகூட இல்லை. தனியாக இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று, “அக்கா தப்பா நினைக்காதீங்க, வெள்ளிக்கிழமை எனக்கும் கையெழுத்து”. இன்னொன்று, அதே இன்சூரன்ஸ்காரர்.

அவளுக்கு வந்த கோபத்துக்குப் போனைச் சுவரில் அடித்திருப்பாள். அடிக்காமல், பத்து வருடப் பேச்சுக்குள் தேடினாள். ஆனி, மூன்று மணி, நிற்கிறது என்று மாற்றி மாற்றித் தேடியதில் ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு செய்தி கிடைத்தது. “வள்ளியூரில் என் ஐஸ் பிளான்ட் மெஷின்கள் ஆனி ஆடியில் மட்டும் மூன்று மணிக்கு நின்றுவிடுகின்றன. மீட்டரில் ஒன்றும் தெரியவில்லை. யாருக்காவது காரணம் தெரியுமா?” எழுதியவர் இசக்கிராஜ். கீழே இருபத்தேழு கைதட்டல்கள். “கூலா கலக்குங்க சகோ” என்று ஒருவர் வாழ்த்தியிருந்தார்.

“முதல் இடத்துல இருக்காரே, அவரேதான்!” என்றாள் முப்பிடாதி. “பெரிய ஆளா ஆயிட்டாரு போல. அதான் இங்க வாயத் திறக்க மாட்டேங்காரு.”

அவருடைய போனுக்கு அடித்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுநாள் வாடகை வேனில் நேரே வள்ளியூருக்குக் கிளம்பினார்கள். கண்ணாடிக் கட்டடம், வாசலில் விரட்டுகிற காவலாளி, உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று வழியெல்லாம் யோசித்தாள் ஞானசெல்வி.

ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகை. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண், ஐஸ் பாளங்களை லாரியில் ஏற்றச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். இசக்கிராஜ் சாரைப் பார்க்க வேண்டும் என்றதும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு, கொட்டகையை ஒட்டிய வீட்டுக்குள் கூட்டிப்போனாள். சுவரில் படம், படத்துக்கு மாலை.

“மூணு வருஷமாச்சு. நெஞ்சு வலி. நான் அவிய வீட்டுக்காரி, சண்முகக்கனி. நேத்து நீங்கதான் போன் அடிச்சியளா? அவிய போன நான்தான் வெச்சிருக்கேன். ஐஸ் சத்தத்துல கேக்காது.”

ஞானசெல்வி படத்தைக் கும்பிட்டாள். தானும் அதே குழுவில் இருப்பதைச் சொன்னாள். பெட்டிகள் நிற்பதைச் சொன்னாள். மறுபடியும் நின்றால் டிரில் மாஸ்டர் தாங்கமாட்டார் என்பதைச் சொன்னாள். சண்முகக்கனி முழுவதும் கேட்டுவிட்டுத்தான் பேசினாள்.

“வெளிய வரிசையாச் சுத்துற காத்தாலைதான் காரணம். அந்த நேரத்துக்கு நல்ல காத்து ஏறும். அம்புட்டுக் காத்தாலையும் ஒண்ணா ஏறி ஒண்ணா எறங்கும்போது லைன ஒரு உலுக்கு உலுக்கும். அரை செகண்டு கூட இருக்காது, மீட்டர்ல முள்ளு அசையாது. அவிய ஒரு வருஷம் மெஷின் பக்கத்துலேயே உக்காந்து, அது எப்பெப்பம் நிக்குன்னு நோட்டுல குறிச்சாவ. யாரும் சொல்லிக் குடுக்கல, அவியளே கண்டுபிடிச்சதுதான். அந்த உலுக்கத் தாங்குறதுக்குன்னு ஒரு சின்னப் பெட்டி செஞ்சாவ. நாலு செஞ்சதுல ரெண்டு சும்மாத்தான் கெடக்கு, எடுத்துட்டுப் போங்க.”

முப்பிடாதி ஒரு பெட்டியைத் திறந்து பார்த்து, “இம்புட்டுத்தானா!” என்று தலையில் கைவைத்தாள். அப்போது மணி ஒன்றரை. அவள் வேனோடு பணகுடிக்கு ஓடினாள். ஞானசெல்வி அங்கேயே உட்கார்ந்து, இசக்கிராஜின் நோட்டிலிருந்து அந்தப் பெட்டியின் வரைபடத்தைப் பார்த்து எழுதத் தொடங்கினாள். மூன்று மணியானது. மூன்றே காலானது. பேனா ஓடவில்லை, கண் போனிலேயே இருந்தது. மூன்று இருபத்தைந்துக்கு முப்பிடாதி கூப்பிட்டாள்.

“அக்கா, ஓடுது! டிரில் வாத்தியாரு, காத்து எம்புட்டு அடிச்சாலும் நிக்க மாட்டேங்குன்னு சிரிக்காரு.”

ஞானசெல்வி வெட்கத்தை விட்டு அழுதாள். சண்முகக்கனி தண்ணீர் கொடுத்தாள். அப்போதுதான் மேசை மேல் இருந்த இசக்கிராஜின் போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் சண்முகக்கனி அதை ஸ்பீக்கரில் போட்டாள்.

“இசக்கிராஜ் சார் இருக்காரா? அலைமுகத்துல இருந்து பிரணவ்.”

“அவிய வீட்டுக்காரி பேசுதேன்.”

“சார் பிஸியா மேடம்?”

சண்முகக்கனி சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். “அவியளால பேச முடியாது தம்பி.”

“தெரியும் மேடம், அவர் பேசவே மாட்டாரே! எங்களுக்குப் பிடிச்சதே அதுதான். எங்க லிஸ்ட்ல சார்தான் முதல். நாளைக்கே முதலீடு போடறோம். சார் புதுசா ஒண்ணும் பண்ண வேண்டாம். இப்ப எப்படி இருக்காரோ அப்படியே இருந்தா போதும்.”

ஞானசெல்வி போனைப் பிடுங்கினாள். “பிரணவ், நான் ஞானசெல்வி. அவர் இறந்து மூணு வருஷம் ஆச்சு.”

அந்தப் பக்கம் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. “கம்பெனி ஓடுதா மேடம்?”

“ஓடுது. இவங்க ஓட்டுறாங்க.”

“அப்ப கணக்கு சரியாத்தான் இருக்கு. அவங்க ஏதாவது நிறுவனர் குழுவுல இருக்காங்களா?”

“இல்லை.”

“சூப்பர். சாரி மேடம், உங்க எண் முப்பத்தெட்டுக்கு இறங்கிடுச்சு. உங்களுக்கு வெச்சிருந்ததைத்தான் இவங்களுக்கு மாத்தியிருக்கோம். நீங்க அந்தக் கேள்வியைக் கேக்காம இருந்திருக்கலாம்.”

“எனக்கு உங்க பணம் வேண்டாம் தம்பி. வைங்க, ஐஸ் உருகுது” என்று சண்முகக்கனி போனை அணைத்தாள். பிறகு ஞானசெல்வியைப் பார்த்து, “என்னது, உங்களுக்கு வர வேண்டியதா அது?” என்று கேட்டாள்.

வேன், மருந்துத் தண்ணீர்ப் பைகள், மாதக் கடைசி எல்லாவற்றையும் ஞானசெல்வி சொல்ல வேண்டியதாயிற்று. சண்முகக்கனிக்கு யோசிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை.

“நம்ம ஐஸ் லாரி தெனமும் பணகுடி, ராதாபுரம், கூத்தங்குழி வரை போவுது. பையக் கொண்டாந்து இங்கன எறக்கிருங்க. வீட்டு வாசல்ல குடுத்துட்டுப் போவச் சொல்லுதேன். டீசல்ல ஒரு பங்கு நீங்க போடுங்க.”

“ஏன்க்கா எனக்கு இவ்வளவு செய்யறீங்க? என்னைய இன்னைக்குத்தான பாக்கீங்க.”

“நீங்க அவிய குழு ஆளுல்லா?” சண்முகக்கனி திடீரென்று குரலை உயர்த்தினாள். “அவிய போனப்பம் நீங்க அம்புட்டு பேரும் மரியாதை செஞ்சியளே! பெரிய பெரிய ஆளுக செத்தா எந்திரிச்சு நின்னு கைதட்டுவாங்களாமே, அது மாதிரி. அறுபத்திநாலு பேரு! இந்தா பாருங்க, நான் அழிக்கவே இல்ல.”

அவள் நீட்டிய போனில் மூன்று வருடத்துக்கு முந்தைய செய்தி திறந்திருந்தது. “பொருநை நிறுவனர்கள் அனைவருக்கும் வணக்கம். வள்ளியூர் ஐஸ் நிறுவனத்தின் பயணத்தில் நீங்கள் எல்லாரும் உடன் இருந்தீர்கள். அதற்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.” குழுவில் செய்தி அதோடு நின்றுவிடும், மேற்கொண்டு படிக்கத் தொட வேண்டும். தொட்டால்தான் நான்காவது வரி. “என் கணவர் இசக்கிராஜ் நேற்று மாலை மாரடைப்பால் காலமானார்.”

கீழே வரிசையாக மஞ்சள் கைகள். “பெருமையான தருணம்” என்று ஒருவர். “இன்னும் உயரம் போகணும் சகோ” என்று ஒருவர். மூன்றாவது கைதட்டல் ஞானசெல்வியுடையது. செய்தி வந்த அதே நிமிடத்தில் தட்டியிருந்தாள். அன்று எங்கே நின்றுகொண்டிருந்தாள், என்ன வாங்கிக்கொண்டிருந்தாள் என்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். லாரி கிடைத்துவிட்டது, பெட்டி ஓடுகிறது. ஆனால் அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதற்கு மேலும் ஒரு பொய்யை அவளால் சொல்ல முடியவில்லை.

“அக்கா, அது மரியாதை இல்லை. நாங்க யாரும் படிக்கவே இல்லை. நானும் படிக்கலை. மேல மூணு வரியப் பாத்துட்டுத் தட்டிட்டோம்.”

சண்முகக்கனி சட்டென்று எழுந்து, உள் அறையின் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

“தெரியும்மா. அன்னைக்கே தெரியும்” என்றாள் தணிந்த குரலில். “உள்ள அவியளப் பெத்தவ படுத்திருக்காவ. அந்த அறுபத்திநாலு பேரச் சொல்லித்தான் மூணு வருஷமாத் தேத்தி வெச்சிருக்கேன். மெதுவாப் பேசுங்க.”